ராய்ச்சூரில் காலியாகும் கோப்பை

ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், இந்தியாவிலேயே நேரம் தவறாத ரயிலை ஓட்டியவர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் கொடி இல்லை, விசில் இல்லை, தண்டவாளம் இல்லை. நீளக் கம்பியில் தொங்கும் ஒரு சின்ன எஃகுக் கோப்பை இருந்தது. கோப்பையின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. அவ்வளவுதான் சொத்து. அதை வைத்துக்கொண்டு புனேக்குப் பக்கத்து ஆகுர்டியில், ஒரு தொழிற்சாலைக்குள் நின்ற இடத்தில் நின்றபடியே, தினமும் பல தடவை புனேயை விட்டு மெட்ராஸ் பக்கமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பம்புக்கும் வால்வுக்கும் வேண்டிய சின்னச் சின்ன எஃகுப் பாகங்களை வார்க்கிற இடம். முதலில் பாகத்தை மெழுகில் செய்வோம். அப்படிச் செய்த மெழுகுப் பாகங்களை ஒரு மெழுகுத் தண்டில் வரிசையாக ஒட்டினால் காய் காய்த்த மரம் மாதிரி இருக்கும். அதற்குப் பெயரே மரம்தான். அந்த மரத்தை மாவுக் குழம்பில் முக்கி, மேலே மணலைத் தூவிக் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி தூவி, மேலே ஒரு கெட்டி ஓடு கட்டுவார்கள். பிறகு உள்ளே இருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, காலி ஓட்டுக்குள் எஃகை ஊற்றுவார்கள். ஓடு சரியில்லை என்றால் அத்தனை பேர் உழைப்பும் தரையில் கொட்டிவிடும்.

நான் மரம் ஒட்டுகிற மெழுகு அறையில் இருந்தேன். ஆறு பெண்கள். அடுத்த அறை குழம்பு அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரின் ராஜ்யம்.

அவருடைய மாவு சாதாரண மாவு இல்லை. ஜிர்கான் என்று ஒரு கனிம மணல். அதை முகப்பவுடர் போல அரைத்து மூட்டையில் அனுப்புவார்கள். மூட்டை பார்க்கத் தலையணை அளவுதான் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஆள் யாராவது கண்ணில் பட்டால், "அந்தச் சின்ன மூட்டைய கொஞ்சம் எடுத்துகினு வாப்பா" என்பார். அவன் ஒற்றைக் கையால் இழுப்பான். மூட்டை வராது, அவன்தான் மூட்டைமேல் விழுவான். இரும்புக் கனம். அன்றைய பொழுது ஸ்டேஷன் மாஸ்டருக்கு இனிமையாகத் தொடங்கிவிடும்.

இந்த மாவைப் பிசின் தண்ணீரில் கலந்து பெரிய தொட்டியில் ஓயாமல் சுற்றவிட வேண்டும். மாவு குறைந்தால் குழம்பு மெழுகில் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும். மாவு கூடினால் சந்து பொந்துக்குள் நுழையாது, கட்டியாக நின்று ஓடு வெடிக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஓட்டைக் கோப்பை. தொட்டியில் முக்கித் தூக்கினால் குழம்பு ஓட்டை வழியே ஒழுகும். கோப்பை காலியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் குழம்பின் கெட்டி. மற்ற தொழிற்சாலைகளில் இதற்கு ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார்கள். எங்கள் ஆள் வாய் வைத்திருந்தார்.

கோப்பையைத் தூக்கும்போதே "புனே!" என்று ராகமாக ஆரம்பிப்பார். "தௌண்ட்... குர்துவாடி... சோலாப்பூர்... குல்பர்கா... வாடி... ராய்ச்சூர்!" ராய்ச்சூர் சொல்லும்போது கடைசிச் சொட்டு விழ வேண்டும். விழுந்தால் முதல் பூச்சுக்குக் குழம்பு தயார். மேல் பூச்சுக்குக் கொஞ்சம் நீர்க்க இருக்கலாம், அதற்கு சோலாப்பூர் போதும். குண்டக்கல், கூட்டி என்று போனால் பிசின் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடப்பா, ரேணிகுண்டா என்றால் முதலாளி சேட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அரக்கோணத்தைத் தாண்டி மெட்ராஸ் வரைக்கும் ஒழுகினால் அது குழம்பே இல்லை, சுவர்.

தமிழே தெரியாதவர்கள்கூட அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டார்கள். பக்கத்து மேஜையில் மரம் ஒட்டும் ஷைலா பக்கா மராத்திக்காரி. காலையில் தடுப்பின்மேல் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், ஆஜ் கஹான் தக்?" என்று கேட்பாள், இன்றைக்கு எதுவரைக்கும் என்று. "ராய்ச்சூர்!" என்று பதில் வந்தால்தான் எங்களுக்கு நிம்மதியாக டீ இறங்கும். இஞ்சினியர் ஜோஷி சாஹேப் படித்தவர், சின்ன வயது, நல்ல மனிதர். அவரே சேட்டிடம் போனில், "முதல் பூச்சு ராய்ச்சூரில் இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை அவர் கேட்டார், "மாஸ்டர், தௌண்டுக்கும் குர்துவாடிக்கும் எவ்வளவு தூரம்! குண்டக்கல்லும் கூட்டியும் பக்கத்துப் பக்கத்து ஊர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் எப்படி?"

ஸ்டேஷன் மாஸ்டர் கோப்பையைத் துடைத்தபடி இந்தியில் சொன்னார்: "சாஹேப், அந்த ரயில் கவர்மெண்டு ரயில். இது என் வாயில் ஓடுகிற ரயில்."

கோப்பையை அவர் தொழிற்சாலைக் குழம்போடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. ஒரு நாள் அதைக் கழுவித் துடைத்து கேன்டீனுக்கு எடுத்து வந்தார். கேன்டீன் நடத்திய பாண்டுவின் கண் முன்னாலேயே பருப்பில் முக்கித் தூக்கினார். "புனே..." என்றார். கோப்பை காலி.

"அரே பாண்டு! இன்னா இது, ப்ளாட்ஃபாரத்த விட்டே கெளம்பல, அதுக்குள்ள பருப்பு தீந்துபோச்சே!"

பாண்டுவுக்குத் தமிழ் புரியவில்லை. கேன்டீன் முழுக்கச் சிரித்தது மட்டும் நன்றாகப் புரிந்தது. அதன் பிறகு ஒரு வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் தட்டில் மட்டும் பருப்பு கட்டியாக, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு விழுந்தது. பழிவாங்கியது பாண்டு. ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது இவர்.

ஷைலாவின் தங்கை கல்யாணத்திலும் சும்மா இருக்கவில்லை. பந்தியில் ஸ்ரீகண்ட் வந்தது, தயிரில் செய்கிற கெட்டி இனிப்பு. கோப்பை சட்டைப் பையில், கம்பி வெளியே நீட்டியபடி. மெட்ராஸ் வரைக்கும் சொல்லி முடித்த பிறகும் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. "இது புனேயிலயே செட்டில் ஆன கேஸு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணின் மாமனார் கடைசிவரை இவரை உணவுக் கலப்பட இலாகா அதிகாரி என்று நினைத்து, போகும்போது தனியாக ஒரு டப்பா கட்டிக்கொடுத்தார்.

காலையில் நானும் ஸ்டேஷன் மாஸ்டரும் லோக்கல் ரயிலில் கட்கியிலிருந்து ஏறுவோம். அங்கேயும் அவருக்குக் குழம்பு ஞாபகம்தான். பொதுப் பெட்டி வாசலில் நின்றுகொண்டு பாடம் நடத்துவார். "இதோ பாருங்க, இப்ப எல்லாரும் நகுந்துகினு இருக்காங்க. இன்னும் பத்து பேரு ஏறட்டும், அப்பவும் நகருவாங்க, கொஞ்சம் சிரமமா. ஆனா அதுக்கு மேல ஒரே ஒருத்தன் ஏறினான்னு வெச்சிக்கோ, மொத்த பெட்டியும் நின்னுடும். மாவும் அப்பிடித்தான். கிண்ணம் கிண்ணமா போடப் போட ஒண்ணும் தெரியாது. கடைசி கிண்ணம் இருக்கு பாரு, அதுதான் தொட்டிய கொல்லும்."

அடுத்த ஸ்டேஷன் தாபோடியில் ஒரு தடிமனான மனிதர் ஏறப் பார்த்தபோது, "நீங்கதான் அந்தக் கடைசி கிண்ணம், அடுத்த வண்டில வாங்க" என்று கையை நீட்டி மறித்து, இந்தியில் மொழிபெயர்த்தும் சொன்னார். அன்று சட்டையில் இரண்டு பொத்தான் இல்லாமல் வேலைக்கு வந்தார்.

கூட்டத்துக்குள் நுழைய அவர் ஒரு வழியும் வைத்திருந்தார். முட்ட மாட்டார். பக்கவாட்டில் மெதுவாகச் சாய்வார். "வேகமா தள்ளினா கல்லு, மெதுவா தள்ளினா தண்ணி" என்பார். கெட்டிக் குழம்பும் அப்படித்தான். துடுப்பை வேகமாகக் குத்தினால் சுவரில் பட்டது போலத் திரும்பி வரும், நிதானமாக விட்டால் உள்ளே இறங்கும். கணபதி கரைக்கும் நாளில் லக்ஷ்மி ரோட்டுக் கூட்டத்தை இப்படியே சாய்ந்து சாய்ந்து கடந்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். எதற்கு எதிர்ப்பக்கம் போனீர்கள் என்று கேட்டோம். அது அவருக்கு ஞாபகம் இல்லை.

இனி பல் விஷயம். அவருக்கு மேல்வரிசைப் பல் கிடையாது. வெற்றிலையும் புகையிலையும் நான் வருவதற்கு முன்பே அதைக் கொண்டுபோயிருந்தன. வெறும் ஈறோடுதான் அத்தனை ஸ்டேஷன்களையும் சரளமாகச் சொல்வார். ஒரு வியாழக்கிழமை, எங்கள் பக்கம் மின்சாரம் நிறுத்தும் வார விடுமுறை நாள், பிம்ப்ரியில் ஒரு டாக்டரிடம் போய்ப் பல் செட் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் பொக்கை வாயோடு உட்காரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலை அவரைப் பார்த்து வாட்ச்மேனே சலாம் வைத்தான். யாரைப் பார்த்தாலும் சிரித்தார். காரணம் இல்லாமல் சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளியைப் பார்த்தும் சிரித்தார். "மாஸ்டர், ஏக்தம் ஹீரோ!" என்று ஷைலா சொன்னதும் அன்று முழுக்க வாயை மூடவே இல்லை.

அதற்கு மறுநாள்தான் எங்கள் தலையெழுத்து நிர்ணயிக்கப்பட இருந்தது. மெழுகு அறைப் பெண்கள் ஆறு பேரும் டெம்பரரி. சில மாதங்களுக்கு ஒரு தடவை எங்களை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்ததாக எழுதிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் மூடிக் கிடந்தது. நிறுத்தி வைக்கும் அந்த நாட்கள் எங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்பது எனக்குத்தான் தெரியும். பெரிய கம்பெனி ஒன்று வால்வு பாகத்துக்கு மாதிரி கேட்டிருந்தது. சனிக்கிழமை அவர்கள் ஆள் வந்து பார்ப்பார், முதல் பூச்சு அவர் கண் முன்னால் நடக்கும், மாதிரி தேறினால் பெரிய ஆர்டர், ஆர்டர் வந்தால் ஆறு பேரும் பெர்மனென்ட் என்று சேட் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். மரங்களை நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். குழம்பை அவர் தயார் செய்துகொண்டிருந்தார்.

என் வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. நான் அதிகம் பேசாதவள். அந்தத் தொழிற்சாலையில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பேசாத நேரமெல்லாம் கை காதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு ஸ்டேஷன் சொன்னால், நான் சூடான கத்தியால் ஒரு பாகத்தை மரத்தில் ஒட்டி முடிப்பேன். தௌண்டுக்கு ஒன்று, குர்துவாடிக்கு ஒன்று. ராய்ச்சூர் வரும்போது ஒரு வரிசை முடிந்திருக்கும். வருஷக்கணக்காக இப்படி.

அன்று வரிசை முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் இன்னும் குர்துவாடியில் நின்றுகொண்டிருந்தார்.

"குர்ர்... ஸ்ஸ்... துவாடி..." ஒரு விசில் சத்தம். பிறகு மேல்வரிசையை நாக்கால் தூக்கி வைக்கும் 'டொக்' சத்தம். "சோலாப்பூர்..." டொக்.

"காலி!" என்றார் உடனே. "சோலாப்பூர்லயே காலியாயிடுச்சு! தண்ணியா கீது. மாவு போடணும்."

மாவு போடும் சத்தம் கேட்டது. மறுபடி கோப்பை, மறுபடி சோலாப்பூர், மறுபடி மாவு. ஷைலாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "ரயில் லேட்டாகப் போகிறது, ஷைலா. குழம்பு சரியாகத்தான் இருக்கிறது, அவர்தான் மெதுவாகச் சொல்கிறார்."

அவள் சிரித்தாள். "நீ போய்ச் சொல்லேன், உங்கள் பல் சரியில்லை என்று. புதுப் பல், முதலில் உன்னைத்தான் கடிக்கும்."

ஜோஷி சாஹேப்புக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மேஜை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்த ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு போனார். "மாஸ்டர், இதன்படி ஏற்கெனவே கெட்டியாக இருக்கிறது."

"எங்க வாங்கினீங்க சாஹேப்?"

"ஜூனா பஜாரில்."

"பழைய சாமான் சந்தையில வாங்கின கடியாரம். அது வேகமா ஓடாம இன்னா பண்ணும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், பல் தெரிய.

ஜோஷி சாஹேப் துடுப்பை எடுத்துக் குழம்பில் ஓங்கிக் குத்தினார். துடுப்பு அப்படியே திரும்பி வந்தது. "பாருங்கள், கல்!"

"நீங்க வேகமா குத்தினீங்க, அதான்." இவர் துடுப்பை வாங்கி மெதுவாக விட்டார். அது அமைதியாக உள்ளே போனது. அவர் சொன்ன விதியே அவரைக் காப்பாற்றியது. சாஹேப் ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, தன்மேலேயே சந்தேகத்தோடு திரும்பிப் போனார்.

சனிக்கிழமை காலை. கம்பெனி ஆள் மதியம் வருகிறார். நான் ஒட்டிய மரங்கள் கொக்கியில் வரிசையாகத் தொங்குகின்றன. தடுப்புக்கு அந்தப் பக்கம் தொட்டியின் மோட்டார் வயசானவர் மாடி ஏறுவது போல மூச்சு வாங்கியது.

"குல்பர்கா..." டொக். "வாடி..." டொக். "காலி! செல்விமா, கேட்டியா, இன்னும் ஒரே ஸ்டேஷன்தான்! கடைசியா ஒரு கிண்ணம் போட்டா ராய்ச்சூர்!" என்று எனக்குக் குரல் கொடுத்தார்.

கடைசிக் கிண்ணம். லோக்கல் ரயில் வாசலில் அவர் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. அந்தத் தொட்டி செத்தால் உளி வைத்துத்தான் கொத்தி எடுக்க வேண்டும். மதியத்துக்குள் இன்னொரு தொட்டி தயார் செய்ய மாவும் இல்லை, நேரமும் இல்லை. ஆறு பேரும் பழையபடி டெம்பரரிதான்.

நான் எழுந்து குழம்பு அறை வாசலுக்குப் போனேன். அவர் கிண்ணத்தை மாவு நிறையத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் கோப்பை. "அண்ணே" என்றேன். ஓடு காயவைக்கும் காற்றாடி இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. "அண்ணே, உங்க பல்லு..." அதுவும் கேட்கவில்லை. நல்ல வேளை, கேட்டிருந்தால் அந்த மாவு என் தலையில் விழுந்திருக்கும்.

கிண்ணம் தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கத்தினேன்.

"புனே!"

அந்தத் தொழிற்சாலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவர் மனசு என்ன நினைத்ததோ, கை பழக்கம் விடவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை முக்கித் தூக்கியது. குழம்பு ஒழுக ஆரம்பித்தது.

"தௌண்ட்! குர்துவாடி! சோலாப்பூர்! குல்பர்கா! வாடி!" அவருடைய பழைய வேகம், பழைய ராகம், என் கீச்சுக் குரல். "ராய்ச்சூர்!"

கோப்பை காலியாகவில்லை.

ஷைலா வந்து என் பின்னால் நின்றாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். "குண்டக்கல்!" என்றேன். "கூட்டி!" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உலை பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஜோஷி சாஹேப் ஸ்டாப்வாட்சும் கையுமாக வந்து, அதைப் பார்க்க மறந்துவிட்டு "கடப்பா!" என்று கத்தினார். ரேணிகுண்டா போயிற்று. அரக்கோணம் போயிற்று. "மெட்ராஸ்!" என்று அத்தனை பேரும் கூரை அதிரச் சொல்லி முடித்தோம்.

கோப்பையின் அடியில் குழம்பு இன்னும் கொழுத்த கயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் ஸ்டேஷன் தீர்ந்துவிட்டது.

"இனிமேல் கடல்தான்" என்றாள் ஷைலா மராத்தியில்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாவுக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். ஒரு 'டொக்' கேட்டது. மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது, சட்டைப் பையில் கைக்குட்டை புடைத்திருந்தது.

"புனே, தௌண்ட், குர்துவாடி" என்று வெறும் ஈறால் மெதுவாக எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரயில் சரியான நேரத்தில் ஓடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பிசின் தண்ணி எடுங்கடா!" என்றார். அதற்கப்புறம் அவர் பண்ணியதைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கெட்டும் கவிழ்க்கவில்லை. கரண்டி கரண்டியாக விளிம்போரம் ஊற்றி, மோட்டார் வேகத்தைக் குறைத்து, துடுப்பைச் சாய்த்துச் சாய்த்து, கூட்டத்தில் கிழவியை அழைத்துப் போவது போலக் குழம்பை இளக்கிக்கொண்டு வந்தார். நடுநடுவே கோப்பையைத் தூக்குவார், என்னைப் பார்ப்பார். தன் வாயை அவர் அன்று நம்பவில்லை. நான் சொல்வேன். ரேணிகுண்டாவில் காலி. கடப்பாவில் காலி. கூட்டி. கேட்டில் கார் ஹாரன் கேட்டபோது குண்டக்கல்லில் இருந்தோம். சேட் அந்த மனிதரை முதலில் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். பாண்டுவின் டீ சூடாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவர் அதை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் கோப்பை ராய்ச்சூரில் காலியாகிவிட்டது.

மரங்கள் முங்கின. குழம்பு ஒவ்வொரு சந்திலும் புகுந்து, வழவழவென்று பால் ஆடை போலப் படர்ந்தது. கம்பெனி ஆள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உள்ளே ஏதோ பிரார்த்தனை நடந்தது போலிருக்கிறதே, கார் உள்ளே வரும்போது ஊர்ப் பெயர்கள் கேட்டன?" என்றார்.

"சனிக்கிழமைதோறும் உண்டு சார்" என்றார் ஜோஷி சாஹேப், முகத்தை அசைக்காமல்.

மாதிரி தேறியது. ஆர்டர் வந்தது. சேட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெர்மனென்ட் ஆன அன்று பேடா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றை எடுத்து, பல் செட்டைக் கழற்றி, நிதானமாக ஈறில் அரைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார்.

பல்லை அவர் விடவில்லை. மகள் கல்யாணம் முடிந்த பிறகும் விடவில்லை. சிரிப்பு அவருடையது, ஸ்டேஷன் என்னுடையது என்று எங்களுக்குள் ஏற்பாடு ஆகிவிட்டது. அவர் கோப்பையைத் தூக்குவார், தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்துவேன். வாய் திறக்காதவள் என்று பெயர் வாங்கிய நான், வேலை முடிந்து வீட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு போனேன். "அங்க என்னதான் வேலை பாக்கற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ரயில் விடுகிறேன் என்றேன்.

புது நூற்றாண்டு பிறந்த பிறகு தர சர்டிஃபிகேட் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். தொட்டியில் சாக்பீஸால் 'ராய்ச்சூர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, எந்த அளவு முறை இது என்று விசாரித்தார்கள். மறு மாதம் நல்ல கடையில் வாங்கிய ஸ்டாப்வாட்சுகள் வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் அவற்றை மரியாதையாகத்தான் நடத்தினார். "நல்ல பசங்க. பல்லு கட்ட வேண்டிய அவசியம் இல்ல" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று டீ பார்ட்டியில் ஷைலா கேட்டாள், "மாஸ்டர், இனிமேல் அடிக்கடி மெட்ராஸ் போவீர்கள், இல்லையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் எங்கம்மா போயிருக்கேன்? தௌண்டையே தாண்டினதில்ல."

எல்லாரும் டீயைக் கீழே வைத்தோம். கட்கியில் பிறந்து வளர்ந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வருஷா வருஷம் ஊருக்குப் போய் வருகிறவர் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். விஷயம் இதுதான். லோக்கலில் அரை மணி நேரம் நிற்பார், ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் ரயிலில் உட்கார்ந்தால் வயிறு புரட்டும். ஸ்டேஷன் பெயர்கள் சின்ன வயதில் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ரயில் அட்டவணையைப் படித்து மனப்பாடம் ஆனவை. அத்தனை வருஷம் எங்கள் எல்லாரையும் தினமும் மெட்ராஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனவர், ஒரு தடவைகூடப் போய் இறங்கியதில்லை.

மகள் சென்னையில் குடியிருந்தாள். பேத்தி பிறந்திருந்தாள். இந்தத் தடவை போயே ஆக வேண்டும் என்றார். போனார்.

மறுநாள் காலை ஜோஷி சாஹேப் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார். ஒரே கூச்சல், டீ விற்கிற சத்தம், நடுவில் அவர்.

"செல்விமா! எங்கிருந்து பேசறேன் சொல்லு! ராய்ச்சூரு!"

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"ஊரு நெசமாவே கீதும்மா! மஞ்சப் பலகைல எழுதி வெச்சிருக்கான்! நான் எறங்கித் தொட்டுப் பாத்துட்டேன்!"

"வயிறு எப்படி இருக்கு?"

"அது தௌண்ட்லயே காலி." ஒரு டொக் சத்தம். "அத விடு. கொழம்பு எப்பிடி கீது? சீக்கிரம் சொல்லு, வண்டி கெளம்பப் போவுது."

அன்று இன்னும் கோப்பையைத் தொடவே இல்லை. ஆனால் ப்ளாட்ஃபாரத்தில் நிற்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது? "ராய்ச்சூர்தான் அண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்றார். போன் நின்றுவிட்டது.

அவருக்குப் பிறகு குழம்பு அறை எனக்கு வந்தது, இப்போது அந்தக் கோப்பை என்னிடம் இருக்கிறது. ஒரு கையில் அதைத் தூக்குகிறேன், மறு கையில் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறேன். எழுதுவது வாட்ச் காட்டுவதைத்தான். ஆனால் வாய் தானாக உள்ளுக்குள் புனேயிலிருந்து கிளம்பிவிடுகிறது. கடைசிச் சொட்டு விழுந்ததும் கோப்பையை உடனே கழுவ மனசு வருவதில்லை. அங்கே ராய்ச்சூரில் ஒருவர் மஞ்சள் பலகையைத் தொட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் ஏறும்வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.